சொல்லும் செவியும்

நம் கடற்கரை ஊர்களில் சபுராளி இல்லாத வீடு அரிது. பாட்டனார் காலத்தில் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறினர். பின்னர் ஜித்தாவுக்கும் துபாய்க்கும் விமானமேறினர். வீட்டின் மேலாக விமானம் ஒன்று இரைந்து செல்லும்போது முற்றத்தில் அமர்ந்திருக்கும் முதியவள் கண்மேல் கை வைத்து அண்ணாந்து பார்ப்பாள். பிறகு அதே கையை ஏந்தித் துஆச் செய்வாள். எந்திரம் பழுதுபடாதிருக்க வேண்டும், காற்றும் மழையும் அடங்கியிருக்க வேண்டும் என்பதே அவள் வேண்டுதல். அந்த ஊர்தியை வானில் காத்து நிற்கும் பொருள்களுள் சொல்லும் ஒன்று என்பதை அவள் அறியாள். நாமும் நெடுநாள் அறிந்திருந்தோமில்லை.

இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட வினா பழமையானது. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார். மற்றவர் அதை வேறொன்றாக விளங்கிக்கொள்கிறார். அதனால் கேடு விளைகிறது. குற்றம் யாருடையது? சொன்னவருடையதா, கேட்டவருடையதா? கடைத்தெருவிலும் குடும்பத்திலும் இவ்வழக்கு நாள்தோறும் நடக்கிறது. 'நான் சொல்லிவிட்டேன்' என்று ஒருவர் கை கழுவுவார். 'என் காதில் அப்படி விழவில்லை' என்று மற்றவர் தலையசைப்பார். இழப்பு சிறிதாயின் வழக்கு அத்துடன் முடியும். உயிர்கள் நூற்றுக்கணக்கில் போய்விட்ட இடத்தில் இவ்விரு விடைகளும் எவ்வளவு வெறுமையாக ஒலிக்கும் என்பதை விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் காண்கிறோம்.

விமானியும் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரும் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதில்லை. ஒரே அலைவரிசையில் பல விமானங்கள் செவி சாய்த்திருக்கும். பேச விரும்புகிறவர் ஒரு பொத்தானை அழுத்திப் பேசுவார். அதை அழுத்தியிருக்கும் வரை அவ்வலைவரிசையில் பிறர் பேசுவது அவர் காதில் விழாது. இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் கேட்போர்க்குச் சொற்களுக்குப் பதிலாக ஒரு கீச்சொலியே வந்து சேரும். பேசுவோர் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. ஆயினும் நாடு கடந்த பறத்தலில் பெரும்பாலும் அம்மொழியே இடைநின்று உதவுகிறது. இத்தனை இடர்களுக்கிடையே ஏற்பட்ட ஒழுங்குதான் 'திருப்பிச் சொல்லுதல்'. கட்டுப்பாட்டாளர் உயரத்தையோ ஓடுபாதையையோ குறித்து ஆணை தந்தால் விமானி 'சரி' என்று சொன்னால் போதாது. ஆணையைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கட்டுப்பாட்டாளர் கூர்ந்து கேட்டுப் பிழையிருப்பின் திருத்த வேண்டும். அப்போதுதான் அந்தச் சொல் முழுமை பெறும்.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் அட்லாண்டிக் கடலிலுள்ள டெனெரீஃப் என்னும் ஸ்பானியத் தீவில் நடந்ததை நினைவுகூர்வோம். அண்டைத் தீவான கிரான் கனாரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தமையால் அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் லோஸ் ரோதியோஸ் என்னும் சிறு நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றுள் இரண்டு மிகப் பெரிய போயிங் 747 விமானங்கள். ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தது, மற்றொன்று அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தது. நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே. பக்கப் பாதையை நிறுத்தப்பட்ட விமானங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ஆதலால் புறப்பட வேண்டிய விமானங்கள் ஓடுபாதையிலேயே ஊர்ந்து மறுமுனைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. மலைமேல் அமைந்த நிலையம். மேகம் தரையில் இறங்கிப் பனிமூட்டமாய்ப் படர்ந்தது. கோபுரத்திலிருந்தோர் விமானங்களைக் காணவில்லை. விமானங்கள் ஒன்றையொன்று காணவில்லை. தரையில் ஊர்வதைக் காட்டும் ராடாரும் அங்கே இல்லை. அந்நேரத்தில் அனைவர்க்கும் கண்ணாக இருந்தது சொல் ஒன்றே.

டச்சு விமானம் ஓடுபாதையின் முனையில் திரும்பி நின்றது. அமெரிக்க விமானம் அதே பாதையில், விலகும் வழியைத் தேடி ஊர்ந்துகொண்டிருந்தது. டச்சுத் தலைமை விமானி எந்திரத்தை முடுக்கத் தொடங்கியபோது, இன்னும் அனுமதி வரவில்லை எனத் துணை விமானி தடுத்தார். தலைவரும் நின்றார், கேட்கச் சொன்னார். கோபுரத்திலிருந்து வந்தது, வானேறிய பிறகு எவ்வழியே செல்ல வேண்டும் என்னும் வழிக்குறிப்பு மட்டுமே. வானேறுவதற்கு அனுமதி அன்று. ஆனால் அக்குறிப்பினுள்ளும் 'டேக்-ஆஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி குறிப்பைத் திருப்பிச் சொல்லி முடிக்கையில், தாங்கள் இப்போது 'டேக்-ஆஃபில்' இருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். அவர் கருத்து, 'கிளம்பிக்கொண்டிருக்கிறோம்' என்பது. டச்சு மொழியில் நிகழ்ந்துகொண்டிருக்கும் வினையை இவ்வாறு அமைக்கும் வழக்கு உண்டென்றும், அந்த அமைப்பே ஆங்கிலத்துள் புகுந்ததென்றும் மொழியறிஞர் சிலர் கருதுவர். கோபுரத்தார் விளங்கிக்கொண்டதோ, 'கிளம்பும் இடத்தில் நிற்கிறோம்' என்று.

கோபுரத்தார் 'ஓகே' என்றார். சிறிது இடைவெளி விட்டு, 'காத்திருங்கள், நாம் அழைப்போம்' என்னும் கருத்துப்படப் பேசினார். அதே கணத்தில், தாங்கள் இன்னும் பாதையில்தான் ஊர்கிறோம் என்று அமெரிக்க விமானிகள் அவசரமாக அறிவித்தனர். இரண்டு பேச்சும் மோதிக் கீச்சொலியாயின. டச்சு விமானத்தின் செவியில் தெளிவாக விழுந்தது 'ஓகே' என்ற ஒரு சொல்லே. காக்க வந்த இரு சொற்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஏமாற்றும் சொல் மட்டும் எஞ்சியது.

அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. பாதையை விட்டு நீங்கியதும் தெரிவிக்குமாறு கோபுரத்தார் அமெரிக்க விமானத்துக்குச் சொன்னதும், தெரிவிக்கிறோம் என்று அவர்கள் விடையிறுத்ததும் டச்சு விமானத்தில் கேட்டன. பின்னிருக்கையிலிருந்த விமானப் பொறியாளர் ஐயுற்றார். அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையோ என்று வினவினார். தலைவர் ஐயமின்றி, 'விலகிவிட்டது' என்னும் பொருள்பட அழுத்தமாக விடை கூறினார். துணை விமானி வாளாவிருந்தார். பொறியாளரும் மறுமுறை கேட்கவில்லை. சில நொடிகளில் இரண்டும் மோதின. 583 உயிர்கள் மாண்டன. டச்சு விமானத்திலிருந்த 248 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அமெரிக்க விமானத்தில் 61 பேர் தப்பினர். வானூர்தி விபத்துகளில் இதனினும் மிகுந்த உயிர்களைக் கொண்டது இன்றுவரை வேறில்லை.

குற்றம் யாருடையது? ஸ்பானிய ஆய்வாளர், அனுமதியின்றிக் கிளம்பிய டச்சுத் தலைமை விமானியின் செயலையே அடிப்படைக் காரணமாகக் கண்டனர். டச்சு ஆய்வாளரோ, இருபாலும் நேர்ந்த விளக்கப் பிழையை வற்புறுத்தினர். முடிவில் அந்நிறுவனம் பொறுப்பேற்று ஈட்டுத்தொகை வழங்கியது. இரண்டு தீர்ப்பிலும் உண்மை உண்டு. ஆனால் அங்கிருந்தோருள் எவரும் பொய் சொல்லவில்லை; எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தாம் அறிந்த அளவில் மெய்யே பேசினர். மெய் பேசுவோர் கூடியிருந்த இடத்தில் இத்துணைக் கேடு எவ்வாறு நுழைந்தது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இங்கே நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. நமது தொழில் ஓதிக் கொடுப்பது. உஸ்தாத் ஓத மாணவன் கேட்பதும், மாணவன் ஓத உஸ்தாத் கேட்பதும் மதறஸாக் கல்வியின் இரு கைகள். ஹதீஸ் கலையினர் இவ்விரண்டையும் வேறு பிரித்துப் பெயரிட்டு, எது உயர்ந்தது என்றுகூட வாதித்திருக்கின்றனர். மாணவன் திருப்பி ஓதும்போது உஸ்தாத் வாய் பேசாமலிருந்தால் ஓதியது சரியென்று பொருள். ஆகவே அவருடைய மௌனமும் ஒரு சொல்லே. பேசியே தீர வேண்டிய இடத்தில் காக்கும் மௌனத்தைப் பேச்சாகக் கொள்வது ஃபிக்ஹு நூலோர் கண்ட முறையுமாகும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் மாணவன் ஒருவன் இலக்கணப் பாடத்தை நம் முன் ஓதினான். நாமோ தேர்வுத் தாள்களை அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் பேஷ் வைத்து ஓத வேண்டிய எழுத்தை ஜபர் வைத்து ஓதினான். அரபியில் அந்த ஒரு குறி மாறினால் செய்தவன் செய்யப்பட்டவனாகிவிடுவான். அவன் ஓதி நிறுத்தி நம் முகத்தைப் பார்த்தான். நாம் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் 'ம்' என்றோம். அவன் மேலே சென்றான்.

அந்த 'ம்' எங்கே சென்றது என்பது பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. அவன் தேர்ந்து, வேறோர் ஊரில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதாகியிருந்தான். அவனிடம் பயின்ற சிறுவன் ஒருவன் மேற்படிப்புக்கு நம்மிடம் வந்து அதே பாடத்தை ஓதினான். அதே இடத்தில் ஜபர் வைத்தான். திருத்தினோம். சிறுவன் பணிவோடு, "இந்த இடத்தை எங்கள் உஸ்தாத் உங்களிடமே ஓதிச் சரிபார்த்ததாகச் சொன்னார்களே, ஹஜ்ரத்" என்றான். நாம் விடை கூற இயலாமல் நின்றோம். அவனுடைய உஸ்தாத் தம் கடமையில் குறை வைக்கவில்லை. ஐயுற்றார், ஓதினார், நிறுத்தினார், நம் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்டதற்கு நாம் தந்தது நம் செவியை அன்று. நம் தொண்டையின் ஒலி ஒன்றை. அதற்கு ஒருவர் உயிர் போகவில்லை என்பது நம் தகுதியன்று. நம் தொழில் தந்த சலுகை. டெனெரீஃப் கோபுரத்தின் 'ஓகே'யைப் பற்றிப் படித்த நாளில் அந்த 'ம்'தான் நம் காதில் ஒலித்தது.

திருப்பிச் சொல்லும் ஒழுங்கு இருந்தும் செவி இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் சான்று பகர்கிறது. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையம் நோக்கி வந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் அது. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டாளர் எண்களைத் தனித்தனியே உச்சரித்து ஆணையிட்டார். ஆங்கிலத்தில் இரண்டைக் குறிக்கும் 'டூ' என்பதும், வேற்றுமை உருபு போல் வரும் 'டு' என்பதும் செவிக்கு ஏறக்குறைய ஒன்றே. '2,400-க்கு' என்றது விமானியின் காதில் '400-க்கு' என்று விழுந்தது. அவர் அந்த 400-ஐத் திருப்பியும் சொன்னார். திருத்தம் வரவில்லை. விமானம் 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் மோதியது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். பிழையாகச் சொன்னவரும் பிழையாகக் கேட்டவரும் இருந்தும், பிழை வெளிப்படையாக ஒலிக்கவும் செய்தது. ஒலித்த பிழையைக் கேட்கக் கடமைப்பட்ட செவி அங்கே விழித்திருக்கவில்லை. தாம் சொன்னதே திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பவருக்கு, வருவது எதுவாயினும் தாம் சொன்னதாகவே கேட்கும். மனித இயல்பு அத்தகையது. ஒழுங்கு என்பது சடங்காகிவிடின் அதன் உயிர் போய்விடுகிறது.

இதுவரை கண்டவை தவறாகக் கேட்டதன் விளைவுகள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதன் விளைவு இன்னும் துயரமானது. 1990-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் கொலம்பியா நாட்டின் அவியாங்கா விமானம் ஒன்று நியூயார்க்கை நெருங்கியது. வானிலை மோசம், வரிசை நீளம். மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிடங்கள் வட்டமிட்டுக் காத்திருக்கும்படி நேர்ந்தது. எரிபொருள் வற்றிக்கொண்டே வந்தது. துணை விமானி தமக்கு 'முன்னுரிமை' வேண்டும் என்று கேட்டார். மாற்று நிலையமான பாஸ்டனுக்குச் செல்லவும் இனி எரிபொருள் போதாது என்றார். அச்செய்தி அடுத்த கட்டுப்பாட்டாளருக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. முதன்முறை இறங்க முயன்று இயலாமற்போனபின், 'நெருக்கடி என்று சொல்' எனத் தலைமை விமானி தம் துணைவருக்குக் கட்டளையிட்டார். துணைவர் சொன்னதோ, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது. நீண்ட வரிசையில் காத்திருக்கும் விமானங்கள் பலவும் சொல்லக்கூடிய வார்த்தை அது. 'நெருக்கடி' என்ற சொல்லோ, உயிராபத்தில் மும்முறை முழங்க வேண்டிய 'மேடே' என்ற சொல்லோ கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. மறுபடியும் சுற்றிவரச் செய்த கட்டுப்பாட்டாளர், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் இது ஒத்துவருமா என்று கேட்கவும் செய்தார். வரும் என்றே நினைப்பதாகச் சொல்லி, நன்றியும் கூறினார் துணை விமானி. இதற்கு முன்னரே தலைவர், 'நெருக்கடி என்று சொல்லிவிட்டாயா?' என வினவ, சொல்லிவிட்டதாக விடை வந்திருந்தது. எந்திரங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. லாங் தீவின் கோவ் நெக் என்னுமிடத்தில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர்.

அவர் பொய்யரல்லர். எரிபொருள் இல்லை என்பதைச் சொன்னார். அதுவே நெருக்கடி என்பது அவர்க்கு வெள்ளிடைமலை. தமக்கு விளங்கியது பிறர்க்கும் விளங்கியிருக்கும் என்று நம்புவது பணிவுடையோரின் இயல்பு. ஆனால் கேட்பவர் நம் உள்ளத்தில் அமர்ந்து கேட்பதில்லை. நம் உதட்டின் வெளியே நின்று கேட்கிறார். கதவைத் தட்டாமல் வாசலில் நின்று இருமுபவன் உள்ளிருப்போர் வரவில்லையே என்று வருந்தக்கூடாது. எரிபொருள் குறைவை அறிவிக்க ஒரேபொருள் தரும் சொற்கள் வேண்டும் என்பதை ஆய்வாளர் அன்றே சுட்டினர். 2012-இல் உலகப் பொது விதிகளில் அவை இடம்பெற்றன.

பணிவைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதபைப் பற்றியும் சொல்ல வேண்டும். உஸ்தாதின் முன் குரல் உயர்த்தாதே, பெரியோர் பேசுகையில் குறுக்கிடாதே என்று நாமே பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம், இனியும் கற்பிப்போம். எனினும் டெனெரீஃபின் பொறியாளரை எண்ணும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. அவர் ஐயம் மெய்யானது. ஒருமுறை கேட்டார், தலைவர் உறுதியாக மறுத்ததும் அடங்கினார். அந்தத் தலைவர் அந்நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பில் இருந்தவர். பயிற்சிக் கூடத்தில் புறப்பட அனுமதி கொடுப்பவரும் பயிற்சியாளரே. ஆண்டுக்கணக்காக அனுமதி கொடுத்தே பழகியவர், அனுமதி பெற வேண்டிய இடத்தில் ஒரு கணம் தம்மை மறந்தார் எனலாம். துணைவர் முதன்முறை தடுத்தார், மறுமுறை தடுக்கவில்லை. மூத்தவரை ஒருமுறை திருத்தலாம், இருமுறை திருத்துவது மரியாதையன்று என்னும் எண்ணம் எந்த நாட்டிலும் எந்த மொழியிலும் இளையவர் நெஞ்சில் இருப்பதுதான். இவ்வெண்ணத்தை மாற்றுதற்கென்றே பின்னாளில் விமானப் பணியாளர்க்குத் தனிப் பயிற்சிகள் ஏற்பட்டன. ஐயமுற்ற இளையவர் அதைத் தெளிவாகச் சொல்லவும், மூத்தவர் அதைக் கேட்டு நிற்கவும் அவை பழக்குகின்றன. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையும் வேலியிட்டுக் காத்தனர். அனுமதி தரும்போதும் அதை நீக்கும்போதும் அன்றி வேறெங்கும் அச்சொல் வரலாகாது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே இளையவரின் அதபு வாயடைத்து நிற்பதில் இல்லை. மூத்தவரைப் பழியிலிருந்து காப்பதும் அதபுதான். இதில் மூத்தவரின் கடன் மேலும் பெரிது. இளையவன் இரண்டாம் முறை கேட்க அஞ்சாதவாறு முதல் முறை கேட்டபோதே முகங்கொடுப்பது அவர் பொறுப்பு.

1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் நம் நாட்டிலேயே நடந்ததை மறக்க முடியாது. டெல்லியிலிருந்து தஹ்ரான் நோக்கி எழுந்த சவூதி விமானமும், கஸகஸ்தானிலிருந்து டெல்லிக்கு இறங்கிவந்த விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வானில் மோதின. 349 பேர், ஒருவரும் எஞ்சவில்லை. சவூதி விமானத்தில் இருந்தோர் பெரும்பாலும் இந்தியர். பலர் பிழைப்புத் தேடிச் சென்ற சபுராளிகள். ஏறுவதற்கு 14,000 அடியும் இறங்குவதற்கு 15,000 அடியும் எல்லையாகக் குறிக்கப்பட்டிருந்தன. இடைவெளி ஆயிரம் அடி. இறங்கிவந்த விமானம் 15,000-இல் நிற்பதாக அறிவித்துவிட்டு மேலும் கீழிறங்கியது. அன்று டெல்லியில் இருந்த ராடார் விமானம் எங்கே என்று காட்டும். எவ்வளவு உயரத்தில் என்று காட்டாது. உயரத்தை விமானத்தார் வாய்ச்சொல்லாலேயே கட்டுப்பாட்டாளர் அறிய வேண்டும். அவ்விமானத்தில் கோபுரத்தோடு பேசியவர் வானொலிப் பணியாளர், ஓட்டியவர்கள் வேறு. பேசியவர் முன்னே உயரங்காட்டும் கருவி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆணை ஒருவர் செவிக்குச் சென்றது, கைகள் வேறொருவருடையவை. நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை ஆணையம், வகுத்த உயரத்துக்குக் கீழே கஸக் விமானம் இறங்கியதையே காரணமாகக் கண்டது. சொல் ஒரு செவியைச் சேர்ந்துவிட்டால் போதாது, செயற்பட வேண்டிய கையைச் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய பாடம் வேறில்லை. பின்னர் வருவழியும் போவழியும் பிரிக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ராடார் அமைந்தது. எதிரே வரும் விமானத்தை அறிந்து எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று.

இங்கே ஒரு தடை எழலாம். 'நிய்யத்துத் தூயதாயிருந்தால் மனிதன்மீது குற்றமில்லை அல்லவா? இவர்கள் எவரும் வேண்டுமென்று செய்யவில்லையே' என்று கேட்கலாம். நல்ல வினா. பாவம் உண்டா இல்லையா என்பதை நிய்யத்து முடிவு செய்யும். பொறுப்பு உண்டா இல்லையா என்பதை அது ஒன்றே முடிவு செய்வதில்லை. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவனிடம் ஷரீஅத்துப் பழிக்குப்பழி கேட்பதில்லை. ஆனால் ஈட்டுத்தொகையையும் பரிகாரத்தையும் விதிக்காமல் விடுவதுமில்லை. நெஞ்சு தூயது என்பதற்காக நேர்ந்த இழப்பு இல்லாமற்போவதில்லை அன்றோ? உலக விமான விதிகளும் இதற்கு அருகிலேயே நிற்கின்றன. விபத்தை ஆராய்வதன் நோக்கம் பழி சுமத்துவதன்று, மீண்டும் நேராமல் தடுப்பதே என்று அவை வரையறுத்துள்ளன. பழிக்கும் பொறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை உணராதவர் இரண்டில் ஒரு தவற்றைச் செய்வர். நல்லவர் என்பதற்காகப் பிழையை மூடுவர். அல்லது பிழை செய்தார் என்பதற்காக நல்லவரைத் தீயவராக்குவர்.

வேறொரு தடையும் உண்டு. 'ஒவ்வொரு சொல்லையும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் வாழ முடியுமா? கணவன் மனைவியையும் தந்தை மகனையும் நம்பவில்லை என்றாகாதா?' முற்றிலும் புறக்கணிக்கத் தக்கதன்று. பேச்சின் இனிமையில் பாதி, சொல்லாமலே விளங்கிக்கொள்வதில் இருக்கிறது. ஆயினும் உயிரும் பொருளும் மானமும் தொங்கிநிற்கும் சொற்கள் சில உண்டு. மருந்தின் அளவு, கடனின் தொகை, பெண்ணின் சம்மதம், இறப்பவரின் வஸிய்யத்து ஆகியவை அத்தகையன. இவற்றைத் திருப்பிக் கேட்பது அம்மனிதரை ஐயுறுவதாகாது. மனிதச் செவியின் எளிமையை அறிந்து நடப்பதேயாகும். நிக்காஹில் ஈஜாபும் கபூலும் சாட்சிகளின் செவிக்கு எட்ட வேண்டும் என வைத்தவர்கள் மணமக்களை நம்பாதவர்களா?

எனவே தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு நமக்குத் தோன்றும் விடை இதுவே. சொல் என்பது ஓர் அமானிதம். வாயை விட்டு நீங்கியவுடன் அது ஒப்படைக்கப்பட்டதாகாது. பெற்றவர் 'இதைப் பெற்றேன்' என்று காட்ட வேண்டும். கொடுத்தவர் கண்ணாரப் பார்த்து 'ஆம், இதுவே' என்று சொல்ல வேண்டும். அதுவரை அது இருவர் கையிலும் இருக்கிறது. தவறி விழுந்தால் இருவருக்கும் பொறுப்புண்டு. பங்கு ஒத்ததாயிருக்க வேண்டுமென்பதில்லை. எவர் உயர்ந்த இடத்தில் இருக்கிறாரோ, எவர் கேட்க மறுத்தால் மற்றவர் வாய் அடைபடுமோ, அவர் பங்கே பெரிது.

நம் பகுதியின் வீடுகளில் இன்று தினந்தோறும் கைப்பேசி ஒலிக்கிறது. கடல் கடந்த மகன், "வாப்பா, நலமா?" என்பான். "அல்ஹம்துலில்லாஹ், நலம்தான்" என்பார் வாப்பா, நெஞ்சுவலியைச் சொல்லமாட்டார். அவர், "அங்கே எல்லாம் சரிதானே?" என்பார். "சரிதான் வாப்பா" என்பான் மகன். நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பதைச் சொல்லமாட்டான். ஒருவர் மனத்தை ஒருவர் புண்படுத்தாத அன்பு அது. அதை இகழ நமக்கு உரிமையில்லை. ஆனால் நியூயார்க்கின் வானில் எரிபொருள் வற்ற வற்ற நன்றி கூறிய அந்தத் துணை விமானியின் குரலும் இத்தகைய நாகரிகத்தில் பிறந்ததே. அழைப்பை முடிக்குமுன் இன்னொரு முறை, 'மெய்யாகவே நலம்தானா?' என்று கேட்போம். கேட்டுவிட்டு விடை வரும் வரை காத்திருப்போம். நம்முன் ஒரு பிள்ளை ஓதி நிறுத்தி முகத்தைப் பார்க்கும்போது, கையிலுள்ள தாளைக் கீழே வைப்போம்.